வெயில் மேல பழி போடாதீங்க, வேகுறது தொட்டிதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ஆனையூர்ல இருந்து ஒருத்தர் எழுதியிருந்தாரு, மதுரை வெயிலுக்கு மொட்டமாடியில பூந்தொட்டி வைக்கிறதே காசைக் கரியாக்குற வேலை, சித்திரை பொறந்தா எல்லாம் கருகிரும், அதெல்லாம் கொடைக்கானல்ல இருக்கறவங்களுக்குத்தான்னு. அவரு சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. மீதிப் பாதிக்குப் பதில் எழுதாம இருக்க மனசு வரல, அதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போனாலும் போகும், இடமில்லன்னா வெட்டிப் போட்டுக்கோங்க, ஆனா தண்ணி ஊத்துறதப் பத்தி எழுதியிருக்கறத மட்டும் வெட்டாதீங்க.

நாங்க குடும்பத்தோட ரொம்ப வருஷம் ஷார்ஜாவுல இருந்துட்டு இப்ப திருநகர்ல வந்து உக்காந்திருக்கோம். அங்க கோடைன்னா மே மாசம் ஆரம்பிச்சு செப்டம்பர் வரைக்கும் இழுக்கும், பகல்ல 42, 45ன்னு சர்வ சாதாரணமா போகும், ராத்திரியில கூட 30க்கு கீழ எறங்குறதே பெரிய விஷயம். பக்கத்துல குவைத்துல மித்ரிபான்னு ஒரு எடத்துல 2016 ஜூலை 21ஆம் தேதி 53.9 டிகிரி பதிவாகியிருக்கு, உலக வானிலை அமைப்பே அதை ஒத்துக்கிட்டு ரெக்கார்டுல ஏத்தியிருக்கு. அமீரகத்துல ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மதியம் 12.30ல இருந்து 3 மணி வரைக்கும் வெயில்ல நின்னு வேலை பாக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. அந்த ஊர்ல ஆகஸ்ட் மாசத்துல எங்க பால்கனித் தொட்டியில பூ இருந்துச்சு. எங்களுக்கு மட்டும் இல்ல, அந்த பில்டிங்ல இருந்த மலையாளி அக்கா, பிலிப்பைன்ஸ்காரங்க, எல்லார் வீட்லயும் இருந்துச்சு. நம்ம ஊருல கத்திரி மே 4 வாக்குல ஆரம்பிச்சு 28 வரைக்கும்தான், நடுவுல ஒரு கோடை மழையாவது வந்துரும், 40, 41ன்னு அடிச்சாலும் விடியக்காலம் கொஞ்சம் எறங்கத்தான் செய்யுது. அப்ப இங்க பூ நிக்காதுன்னு சொன்னா எப்படி.

அங்க இருக்கும்போது நான் கவனிச்ச ஒரு விஷயம். துபாய்ல மிராக்கிள் கார்டன்னு பெரிய பூப்பூங்கா இருக்கு, 2013 பிப்ரவரியில தெறந்தாங்க, கோடிக்கணக்குல பூவு, பெரும்பாலும் பெட்டூனியா. பணத்துக்கும் பஞ்சமில்ல, சுத்திகரிச்ச தண்ணி, சொட்டு நீர்க் குழாய், வேலைக்கு ஆளு, எதுக்கும் கொறை கெடையாது. ஆனாலும் கோடை வந்தா அவங்க என்ன பண்றாங்க தெரியுமா, கேட்டை இழுத்து மூடிட்டுப் போயிருவாங்க, கோடை முடிஞ்சு சூடு தணிஞ்சப்பறந்தான் மறுபடி தெறப்பாங்க. பெட்டூனியா கோடையில நிக்காதுன்னு அவங்களுக்குத் தெரியும், அதோட மல்லுக்கட்ட மாட்டாங்க. ஆனா அதே கோடையில வெளிய ரோட்டுப் பக்கம் பாத்தீங்கன்னா நித்தியகல்யாணி வெள்ளையும் ரோஸுமா பூத்துக்கெடக்கும், காகிதப்பூ மதில் மேல கொட்டிக்கெடக்கும், அரளி நிக்கும். இம்புட்டு காசு வச்சிருக்கறவனே எந்த மாசத்துக்கு எந்தப் பூவுன்னு பாத்துத்தான் வைக்கிறான், நாம மட்டும் பங்குனி மாசத்துல பெட்டூனியா வாங்கிட்டு வந்து வச்சுட்டு வெயிலைத் திட்டுறோம்.

இதுல நர்சரிக்காரங்களுக்கும் பங்கு இருக்கு. பேரு சொல்ல வேணாம், ஊரைச் சுத்தி இருக்கற நர்சரிகள்ல மார்ச் ஏப்ரல்ல போய்ப் பாருங்க, ஓசூர் பெங்களூர் பக்கம் இருந்து லாரியில வந்த டேலியா, பெட்டூனியா, மொட்டு மொட்டா செவ்வந்தி, எல்லாம் பச்சை வலைக்கு அடியில குளுகுளுன்னு நிக்கும். ஒரு எடத்துல கேட்டேன், ஏன் தம்பி, இது வெயில் தாங்குமான்னு. தினம் ரெண்டு வேளை தண்ணி ஊத்துங்கம்மா நல்லா வரும்னு சொன்னாரு. செவ்வந்தி பகல் பொழுது குறையுற மாசத்துல மொட்டு வைக்கிற செடி, அந்த மொட்டு முடிஞ்சா அப்பறம் ஐப்பசி கார்த்திகை வரைக்கும் வெறும் எலைதான், வெயில்ல அந்த எலையும் மிஞ்சாது. விக்கிறவருக்கு அது தெரியாமலா இருக்கும்? பூவோட நிக்கிற செடிதான் விக்கும், அவரு பொழப்பு அது, சரி. வாங்குற நாமதான் கேட்டு வாங்கணும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். செடி சாகுறது வெயில் எலையில படுறதுனாலன்னுதான் எல்லாரும் நெனைக்கிறாங்க, அதனால மேல வலை கட்டுறாங்க. நெசத்துல தொட்டியிலதான் சாவு. தரையில நிக்கிற செடிக்கு ஒரு அடி ஆழத்துல மண்ணு எப்பவும் குளுமையா இருக்கும், வேரு அங்க போய் ஒளிஞ்சுக்கும். தொட்டியில அதுக்கு எங்கிட்டுப் போக எடம்? கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, அதுவும் மேக்குப் பக்கம் வெயில் விழுகுற எடத்துல வச்சிருந்தா, வெயில் படுற பக்கத்து மண்ணு 50 டிகிரியக்கூடத் தாண்டும். 38, 40க்கு மேல போனாலே முக்காவாசி பூச்செடிக்கு வேரு வேலைய நிறுத்திரும், அதுக்கு மேல போனா ஓரத்துல இருக்கற இளவேரு வெந்துரும். தண்ணி குடிக்கிறதே அந்த இளவேருதான். அது போயிருச்சுன்னா நீங்க குடம் குடமா ஊத்துனாலும் செடி தாகத்துலதான் நிக்கும், எலை தொங்கும், அதைப் பாத்துட்டு நாம இன்னும் ஊத்துவோம், மிச்ச வேரும் அழுகிரும். சந்தேகமா இருந்தா மதியம் மூணு மணிக்குப் போய் தொட்டி ஓரமா மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பாருங்க, எவ்வளவு நேரம் வச்சிருக்க முடியுதுன்னு.

ஆகவே மொதல்ல தொட்டிய மறைங்க, செடிய இல்ல. இதுக்கு பெருசா செலவும் கெடையாது. தொட்டிகளை அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணுன்னு வைக்காம நெருக்கி கும்பலா வைங்க, பெரிய தொட்டி மேக்குப் பக்கம், சின்னது அதோட நெழல்ல. தட்டோடு பதிச்ச மாடியோ சிமெண்ட் தரையோ, நேரா தரையில வைக்காதீங்க, ரெண்டு செங்கல் மேல தூக்கி வைங்க, அடியில காத்து போகணும், தரைச்சூடு ஏறக்கூடாது. பிளாஸ்டிக் தொட்டி, பெயிண்ட் டப்பா, எதுவா இருந்தாலும் வெளிப்பக்கம் ரெண்டு கோட்டு சுண்ணாம்பு அடிச்சுருங்க, பாக்க சுமாராத்தான் இருக்கும், பரவால்ல. ஷார்ஜாவுல எங்க பக்கத்து வீட்டு அக்கா சாக்குத்துணிய தொட்டியச் சுத்திக் கட்டி அதை நனைச்சு விடுவாங்க. எனக்கு அதைவிடப் புடிச்சது தொட்டிக்குள்ள தொட்டி. பெரிய மண் தொட்டி ஒண்ணு, அதுக்குள்ள செடி இருக்கற சின்னத் தொட்டி, நடுவுல இருக்கற சந்துல மணலப் போட்டு நெறச்சு அந்த மணல ஈரமா வச்சுக்கணும். மண்பானைத் தண்ணி ஏன் ஜில்லுன்னு இருக்கோ அதே வேலைதான் இங்கயும் நடக்குது, மண்ணு வழியா ஈரம் கசிஞ்சு ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கிட்டுப் போயிரும். அங்க நல்ல மண் தொட்டி வேணும்னா தேடணும், வெலையும் கூட. நமக்கு என்ன கொறை, 2023ல புவிசார் குறியீடு வாங்குன மானாமதுரை மண்பாண்டம் ரெண்டு மணி நேரத்துக்குள்ள போய் வாங்கிட்டு வந்துரலாம், விளாச்சேரி இன்னும் பக்கம். அதை விட்டுட்டு ஆன்லைன்ல கறுப்பு க்ரோ பேக், அதான் செடி வளக்குற பை, வாங்குறோம். க்ரோ பேக் காய்கறிக்கு இருந்துட்டுப் போகட்டும், மே மாசத்துல பூச்செடிக்கு அது அடுப்பு.

மண்ணு மேல மூடாக்கு போடறதும் முக்கியம், தேங்காய் மட்டைய பிச்சுப் போடுங்க, காஞ்ச வேப்பஞ்சருகு போடுங்க, எது கெடச்சாலும் ரெண்டு இஞ்சுக்குப் போடுங்க. தண்டை ஒட்டி மட்டும் போடாதீங்க.

தண்ணி. இதுலதான் ஆளாளுக்கு ஒரு கணக்கு. தினம் ரெண்டு வேளைன்னு கண்ணை மூடிட்டு ஊத்தக் கூடாதுன்னு சொன்னா நம்ம ஆளுங்க சண்டைக்கு வர்றாங்க. விடியக்காலம் ஆறு மணிக்குள்ள, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, தொட்டி அடியில ஓட்டை வழியா தண்ணி வெளிய வர்ற வரைக்கும் நிதானமா ஒரு தடவை ஊத்துங்க. மேல மட்டும் நனையுற மாதிரி தெளிச்சுட்டு வந்தா வேரு மேலயே வரும், மேல வந்தா வேகும். சாயங்காலம் விரல விட்டுப் பாருங்க, ரெண்டு இஞ்ச் ஆழத்துல காஞ்சிருந்தா இன்னொரு தடவை ஊத்துங்க, ஈரமா இருந்தா விட்டுருங்க. மதியம் செம்பருத்தியும் ரோஜாவும் எலைய தொங்கப் போட்டுக்கிட்டு பாவமா நிக்கும், உடனே ஓடிப்போய் ஊத்தாதீங்க, எலை வழியா போற தண்ணி வேகத்துக்கு வேரால ஈடு குடுக்க முடியல, அவ்வளவுதான், அஞ்சு மணிக்கு மேல தானா நிமிந்துக்கும். ராத்திரிக்கும் நிமிரலன்னாத்தான் கவலைப்படணும்.

இன்னொண்ணு, எந்தத் தண்ணிய ஊத்துறோம்ங்கறது. வளைகுடா ஆளுங்ககிட்ட கேட்டுப் பாருங்க, கோடையில அங்க மாடி டேங்க் தண்ணி தொட முடியாது, நாங்க கீசரை ஆஃப் பண்ணிட்டு அதுக்குள்ள கெடந்து ஆறுன தண்ணியத்தான் பச்சத்தண்ணியா குளிக்கிறதுக்கு எடுப்போம். இங்கயும் மதியம் மொட்டமாடி டேங்க்ல இருந்து வர்ற தண்ணி கொதிக்கத்தான் செய்யுது, வெயில்ல கெடக்குற ஓஸ் பைப்புக்குள்ள இருக்கறது அதைவிட மோசம், அதை அப்படியே வேருல புடிச்சா என்ன ஆகும்? மொத தண்ணிய ஒரு வாளியில புடிச்சு வச்சுட்டு, கை வச்சுப் பாத்து குளுந்தப்பறம் செடிக்கு விடுங்க. ராத்திரியே வாளியில புடிச்சு வச்சு காலையில ஊத்துனா இன்னும் நல்லது.

அப்பறம் நம்ம ஊரு போர் தண்ணி. திருநகர் பக்கம் எங்க தெருவுல பாத்திரத்துல ஊத்தி வச்சாலே வெள்ளையா படியுது. செடிக்கு தினமும் அதை ஊத்த ஊத்த, தண்ணி ஆவியாகி உப்பு மட்டும் மண்ணுல தங்கிரும். தொட்டி விளிம்புல வெள்ளைப் பூத்த மாதிரி இருக்கா, எலை ஓரம் மட்டும் பழுப்பா கருகுதா, அது வெயில் இல்ல, உப்பு. ஷார்ஜாவுல கடல் தண்ணிய சுத்திகரிச்சு குடுக்கறதுனால குழாத்தண்ணியில இந்தத் தொல்லை கம்மி, இங்க வந்தப்பறந்தான் இதுக்குன்னு தனியா பாக்க வேண்டியிருக்கு. மாசத்துக்கு ரெண்டு தடவையாவது நல்ல தண்ணி, மழைத் தண்ணியோ கார்ப்பரேஷன் தண்ணியோ, தொட்டி கொள்ளளவுக்கு ரெண்டு மடங்கு மெதுவா ஊத்தி அடி வழியா உப்பைக் கழுவி விடணும், அடியில தட்டு வச்சிருந்தா அந்தத் தண்ணிய கொட்டிரணும், இல்லாட்டி மறுபடி அதையே உறிஞ்சுக்கும். ஏசி இருக்கற வீட்ல வெளிய சொட்டுற தண்ணிய வாளி வச்சுப் புடிங்க, உப்பே இல்லாத தண்ணி அது, கோடையில ராத்திரிக்கு ஒரு வாளி ரொம்பிரும். ஆனா அந்த ஏசியோட வெளி யூனிட் முன்னாடி தொட்டிய வைக்காதீங்க, அந்த அனல் காத்துல அரளிகூட நிக்காது.

மண்ணு ஒரேயடியா காஞ்சு தொட்டி ஓரத்த விட்டு சுருங்கிருச்சுன்னா மேல ஊத்துற தண்ணி அந்த இடுக்கு வழியா நேரா கீழ போயிரும், பாக்குறதுக்கு நனைஞ்ச மாதிரி இருக்கும், உள்ள கட்டாந்தரை. அப்படி ஆனா தொட்டியத் தூக்கி ஒரு டப் தண்ணிக்குள்ள விளிம்பு வரைக்கும் முக்கி வைங்க, குமிழி வர்றது நிக்கிற வரைக்கும் விட்டு எடுங்க.

பச்சை வலையப் பத்தி ஒண்ணு சொல்லிர்றேன், இப்ப எல்லா மாடியிலயும் கட்டுறாங்க. வலை எல்லா செடிக்கும் ஆகாது. மல்லிய வலைக்குள்ள வச்சுட்டு பூக்கலன்னு அழுகுறவங்க எங்க தெருவுலயே இருக்காங்க. குண்டு மல்லிக்கு முழு வெயில் வேணும், அது வெயில் குடிச்சு மொட்டு வைக்கிற ஜாதி. பங்குனியில இருந்து புரட்டாசி வரைக்கும் அதுக்கு சீசன், சித்திரை வைகாசியில உச்சம், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல வரத்து கூடி வெலை எறங்குறதும் அப்பத்தான், மார்கழி தை பனியில அதே பூ கிலோ ஆயிரக்கணக்குல போகும். மிராக்கிள் கார்டன் தெறந்த அதே 2013லதான் நம்ம மதுரை மல்லிக்கு புவிசார் குறியீடு கெடச்சுச்சு. அங்க கோடைக்கு பூங்காவை மூடுறாங்க, நமக்கு கோடையிலதான் பூ கொட்டுது, இதை வச்சுக்கிட்டு மதுரையில பூ வராதுன்னு ஒருத்தர் எழுதலாமா? தொட்டியில வைக்கறதுன்னா 14 இஞ்சுக்குக் கொறையாத தொட்டியா பாருங்க, கார்த்திகை வாக்குல முழங்கால் உசரத்துக்கு வெட்டி கவாத்து பண்ணுங்க, ஒரு சுத்து பூ முடிஞ்சதும் நுனிய ஒரு சாண் கிள்ளி விடுங்க, புதுத் தளிர்லதான் மொட்டு வரும். மொட்டுல ஓட்டை தெரிஞ்சா புழு, அந்த மொட்டை எல்லாம் பறிச்சு தூரப் போட்டுருங்க, செடி அடியில போட்டு வைக்காதீங்க.

வலை யாருக்கு வேணும்னா, ரோஜாவுக்கு வேணும், செம்பருத்திக்கு மதியத்துக்கு மேல வேணும், இட்லிப்பூவுக்கும் கனகாம்பரத்துக்கும் வேணும். வெயில்ல பாதிய மறைக்கிற 50 சதவீத வலை போதும், 75 வாங்குனா இருட்டாயிரும். அதையும் செடி தலைய ஒட்டி கட்டாம ஆள் உசரத்துக்கு மேல கட்டுங்க, நாலு பக்கமும் தெறந்திருக்கட்டும், மூடுனா உள்ள புழுக்கம். கனகாம்பரம் கெழக்குப் பாத்த வாசல்ல காலை வெயில் மட்டும் பட்டா வருஷம் பூரா பூக்கும், அதுக்கு வலையே தேவையில்ல. ரோஜாவ கோடையில ரொம்ப எதிர்பாக்காதீங்க, பூ சின்னதா வரும், ரெண்டு நாள்ல உதிரும், அது அப்படித்தான், இந்த மாசத்துல அடியோட வெட்டி கவாத்து பண்ணாதீங்க, காஞ்ச பூவை மட்டும் கிள்ளிட்டு உசுரோட வச்சுக்கிட்டா ஐப்பசிக்கு மேல அது நம்மள கவனிச்சுக்கும்.

முழு வெயில்ல வலையே இல்லாம நிக்கிறது எதுன்னா, நித்தியகல்யாணிதான் மொதல்ல. எங்க மாமியார் காலத்துல இதை வீட்ல வைக்க மாட்டாங்க, சுடுகாட்டுப் பக்கம் நிக்கிற செடின்னு. இப்பவும் நெறைய வீட்ல அந்த எண்ணம் இருக்கு, பெரியவங்க மனசை நோகடிக்க வேணாம், வாசலுக்கு வைக்காம மாடியில வைங்க. ஆனா கத்திரியில வாடாம பூக்குறதுக்கு இதை அடிச்சுக்க ஆள் இல்ல, தண்ணி அதிகமானாத்தான் செத்துப்போகும், வெயிலுக்குச் சாகாது. அடுத்தது டேபிள் ரோஸ், ஒரு துண்டு ஒடிச்சு மணல்ல குத்துனா போதும், வெயில் இருந்தாத்தான் பூவே விரியும், நெழல்ல வச்சா மூடிக்கிட்டு உம்முனு இருக்கும். காகிதப்பூவுக்கு தண்ணிய கொஞ்சம் இழுத்துப் புடிக்கணும், எலை லேசா சோர்ற வரைக்கும் விட்டு ஊத்துனா பூக்கும், தினம் ஊத்தி உரமும் போட்டா முள்ளும் எலையுமா வளந்துக்கிட்டே போகும். அடீனியம் ஏமன், ஓமன் பக்கம் பாறை இடுக்குல தானா வளர்ற செடி, அதுக்கு நம்ம வெயில் ஒரு வெயிலே இல்ல, ஆனா கோடை மழை திடீர்னு கொட்டும்போது ஓரமா நகத்தி வச்சுருங்க, அடிக்கிழங்கு அழுகிரும். வாடாமல்லி, கோழிக்கொண்டை, ஜினியா, மூணும் மாசியில வெதச்சா சித்திரையில பூத்துரும், வெதைக்குப் பெருசா செலவு கெடையாது. அரளியும் நல்லா நிக்கும், ஆனா செடி முழுக்க விஷம், சின்னப் புள்ளைங்க ஆடு மாடு இருக்கற வீட்ல யோசிச்சு வைங்க. பாரிஜாதம் எனக்கு மாடியில சரியா வரல, தெரிஞ்சவங்க எழுதுனா படிக்கிறேன்.

உரம் கத்திரியில வேணாம், யூரியா டிஏபி எதையும் தொடாதீங்க, வேரே திணறிக்கிட்டு இருக்கும்போது உப்பு உரம் போட்டா கருகிரும். வேணும்னா தொழு உரம் ஒரு கைப்பிடி, பஞ்சகவ்யம் ரொம்பத் தண்ணியா கலக்கி, அம்புட்டுத்தான். பூச்சியில இந்தச் சீசனுக்கு சிலந்திப்பேன்தான் பெரிய எதிரி, எலை சாம்பல் புடிச்ச மாதிரி வெளுத்து, பின்னாடி மெல்லிசா நூலு தெரியும், காய்ஞ்ச சூட்டுலதான் அது பெருகும். வாரத்துக்கு ரெண்டு தடவை விடியக்காலம் எலையோட அடிப்பக்கம் தண்ணிய வேகமா அடிச்சு விட்டாலே பாதி போயிரும். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் சோப்புத் தண்ணி, சாயங்காலம் வெயில் எறங்குனப்பறம் அடிங்க, உச்சி வெயில்ல அடிச்சா எலை பொசுங்கும்.

கத்திரி முடிஞ்சா தப்பிச்சோம்னு நெனைச்சுறாதீங்க, அதுக்கு அப்பறம் ஆனி ஆடிக் காத்து இருக்கு. வளைகுடாவுலயும் ஜூன் ஜூலையில ஷமால்னு ஒரு வடமேக்குக் காத்து மண்ணை வாரிக்கிட்டு அடிக்கும், ரெண்டு காத்துக்கும் செடிகிட்ட ஒரே குணம், சூடு கொறைஞ்சிருந்தாலும் ஈரத்தை உறிஞ்சிட்டுப் போயிரும். மேக்குப் பக்கம் மறைப்பு வேணும், பழைய பாயோ தென்னந்தட்டியோ, காத்து கொஞ்சம் புகுந்து போற மாதிரி. ஒரே தடுப்பா தகரம் வச்சா அதுவே சூடாகி அனல் வீசும்.

ஊருக்குப் போறப்பதான் பல பேரு செடிய சாகடிக்கிறாங்க. சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே இங்க வருது, நாம லீவுக்கு வெளிய போறோம். ரெண்டு மூணு நாளுன்னா பழைய காட்டன் வேட்டிய நீளமா கிழிச்சு முறுக்கி, ஒரு முனை வாளித் தண்ணிக்குள்ள, இன்னொரு முனை தொட்டி மண்ணுக்குள்ள நாலு இஞ்ச் ஆழத்துல, வாளிய தொட்டியவிட கொஞ்சம் உசரமா வச்சுட்டுப் போங்க. வாளிய மூடிருங்க, இல்லாட்டி கொசு. பெரிய தொட்டின்னா நடுவுல சின்ன மண் கலயத்தை கழுத்து வரைக்கும் பொதச்சு தண்ணிய ஊத்தி மூடி வச்சுட்டா அது கசிஞ்சு கசிஞ்சு வேருக்குப் போகும். பானைப் பாசனம்னு வறட்சிப் பக்கத்து சம்சாரிங்க மரக்கன்னுக்கு பண்றதுதான். பளபளன்னு பாலிஷ் போட்ட கலயம் வாங்கிறாதீங்க, கசியாது.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். உங்க ஞாயித்துக்கெழமை இணைப்புல வீட்டுத்தோட்டம் பகுதி நல்லாத்தான் வருது, ஆனா அதுல வர்ற மாசக்கணக்கு பெரும்பாலும் பெங்களூருக்குத்தான் பொருந்துது, ஏப்ரல்ல பெட்டூனியா நடலாம்னு போன தடவை வந்துச்சு. நம்ம மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வெயிலுக்கு எந்த மாசம் எதை வெதைக்கலாம்னு ஒரு பட்டியல் தமிழ் மாசப்படி போட்டா ரொம்ப உபயோகமா இருக்கும். ஒத்தக்கடை பக்கம் வேளாண்மைக் கல்லூரி இருக்கு, பூவுக்குன்னு படிச்ச பேராசிரியர்களே அங்க இருப்பாங்க, ஒரு நிருபரை அனுப்புனா விஷயம் முடிஞ்சுது. மாசி மாசத்துக்கு முன்னாடி வரணும், கத்திரியில வந்தா பிரயோஜனமில்ல.

ஆனையூர் வாசகருக்கு, உங்க செடி எல்லாம் செத்துருச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணோட தண்டையும் நகத்தால லேசா கீறிப் பாருங்க. உள்ள பச்சை தெரிஞ்சா உசுரு இருக்கு. காஞ்ச நுனிய மட்டும் வெட்டிட்டு கெழக்குச் செவுரு ஓரமா நெழலுக்கு மாத்துங்க, உரம் வேணாம், மண்ணு காயக் காய கொஞ்சமா தண்ணி, தளிர் எட்டிப் பாக்குற வரைக்கும் கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்கணும். பழுப்பா இருந்தா உருவிப் போட்டுட்டு அந்தத் தொட்டி மண்ணை ஒரு வாரம் வெயில்ல காயப் போட்டு, தொழு உரம் கலந்து, டேபிள் ரோஸ் துண்டுகளை நடுங்க. கலர் கலரா எங்க மாடியில கெடக்கு. பேப்பர் ஆபீஸ்ல சொல்லி வைங்க, ஒரு பை நெறைய குடுத்து விடுறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநகர், மதுரை.